மஞ்சளும் பால்மரக் கொட்டையும் திரையில் அசையுமா?

கேள்வி: பால்மரக் கொட்டை (ரப்பர் விதை), மஞ்சள்தூள், செம்பனை (எண்ணெய்ப்பனை) ஓலை ஆகியவற்றால் நான் அமைக்கும் தரைக்கோலத்தைக் கணினி அனிமேஷனுடன் இணைக்க இயலுமா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாக இயலும். கைப்பேசியைக் கோலத்திற்கு நேர்மேலே அசையாமல் பொருத்தி, கொட்டைகளைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுங்கள். நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் காட்சியில் ஒவ்வொரு படத்தையும் இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தலாம் என்பதால், 10 நொடிக்கு 120 படங்கள் போதும். வாசல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம். மேகம் நகரும்போதெல்லாம் திரையில் ஒளி துடிக்கும். அறைக்குள் விளக்கு வைத்து, கேமராவின் ஒளியளவு தானாக மாறாதபடி பூட்டிவிடுங்கள்.

கணினியில் வரைந்த உருவங்களைச் சேர்க்கப் பின்னணியை நீக்க வேண்டும். பலரும் பச்சைத் துணியை விரிப்பார்கள். மென்பொருள் துணியின் நிறத்தைக் கண்டு நீக்குவதால், அவ்வாறு செய்தால் உங்கள் பச்சை ஓலையும் சேர்ந்து மறைந்துவிடக்கூடும், ஆகவே நீலத் துணியே ஏற்றது.

மஞ்சள் வெயிலில் மங்கும். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் (ஆலத்தித் தட்டில் பார்த்திருப்பீர்கள்). அந்தச் சிவப்பைக் கணினியில் பூசுவதைவிட, சுண்ணாம்பு நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் பரவுவதைப் படமெடுப்பதையே நான் விரும்புவேன். கொட்டைக்குக் கொட்டை வரிகள் வேறுபடுவதால், ஒன்றை எடுத்து மற்றொன்றை வைக்கும்போது தோன்றும் சிறு நடுக்கத்தை மென்பொருளால் திருத்திவிடாதீர்கள்.