இண்டக்ஷனில் பணியாரச் சட்டி: நடுக்குழி கருகி ஓரம் வேகாததற்கு

ஊர்ல வாங்கின பணியாரச் சட்டியை ஜெர்மனி வீட்டு இண்டக்ஷன் அடுப்புல வச்சா நடுக்குழி கருகுது, ஓரம் வேகலையா? சட்டியில பழுது எதுவும் இல்ல, தூக்கிப் போட்டுடாதீங்க. நடுக்குழி கருகி, சுத்தியுள்ள ஆறு குழியும் மாவா நிக்கிறதுக்கு அடிப்பாகம்தான் காரணமா இருக்கணும். காரைக்குடிப் பக்கம் வாங்குற வார்ப்பிரும்புச் சட்டியில குழிகள் அடியில புடைச்சு நிக்கும். கேஸ் தீ அதைச் சுத்தி ஏறிடும். இண்டக்ஷன் கண்ணாடிய ஒட்டியிருக்கிற இரும்பத்தான் நல்லா சூடாக்கும், கொஞ்சம் விலகினாலும் சூடு குறைஞ்சிடும். நடுக்குழி மட்டும் கண்ணாடிய ஒட்டி, ஓரக்குழிகள் விலகி நின்னா இப்படித்தான் ஆகும்.

முதல்ல ஒண்ணு பாருங்க: கண்ணாடிக்கு அடியில செவப்பா எரிஞ்சா அது இண்டக்ஷனே இல்ல. எரியலைன்னா, ஒவ்வொரு குழியிலயும் ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு நடுத்தர சூட்டுல வைங்க. நடுவுல மட்டும் கொதிச்சா காரணம் உறுதி.

1. அடுப்புக் கண்ணாடியில போட்டிருக்கிற வட்டங்கள்ல, சட்டியை விட அகலம் குறையாத வட்டத்துல வைங்க.
2. குறைஞ்ச சூட்டுல 8 முதல் 10 நிமிஷம் காய விடுங்க. இரும்புல சூடு மெதுவாத்தான் பரவும். எடுத்ததும் முழு சூடு வச்சா விரிசல் விடலாம்.
3. ஓரக்குழிகள்ல முதல்ல மாவு ஊத்துங்க, நடுவுல கடைசியா. மூடி போடுங்க.

அப்பவும் சரியா வேகலைன்னா அடி தட்டையான வார்ப்பிரும்புச் சட்டிதான் வழி. அலுமினியம் வேண்டாம், காந்தம் ஒட்டுதான்னு பார்த்து வாங்குங்க. அடுப்புக்கும் சட்டிக்கும் இடையில ஒரு இரும்புத் தட்டு வைக்கலாம்னு சிலர் சொல்லுவாங்க. சூடு மந்தமாகும், அடுப்பும் அதிகமா காயும், நான் சொல்லமாட்டேன்.

சட்டியைக் கண்ணாடி மேல இழுக்காதீங்க, கீறல் விழுந்துடும். வாடகை வீடுன்னா அந்தச் செலவு உங்க தலையில வரலாம். வெள்ளைப் பணியாரத்துக்கு இந்தச் சட்டியே தேவையில்ல, தட்டை அடி வாணலியில எண்ணெய் காயவச்சு ஊத்துங்க.