1.20 லட்சத்துக்கு ப்ரீஆம்ப், அதுவும் தவணையிலா?

கேள்வி: என்னிடம் பவர் ஆம்ப் (ஸ்பீக்கரை இயக்கும் பெருக்கி), சிடி பிளேயர், மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்திய முனை) போட்ட டர்ன்டேபிள் (இசைத்தட்டு சுழற்றி) இருக்கின்றன. டர்ன்டேபிளுக்கான போனோ உள்ளீட்டுடன் ஒரு ப்ரீஆம்ப் (பவர் ஆம்புக்கு முன்னால் வைக்கும் வால்யூம், தேர்வுப் பெட்டி) 1,20,000 ரூபாய்க்கு, 12 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் கிடைக்கிறது. ஜப்பானிலிருந்து பழையது ஒன்று 55,000 ரூபாய்க்கு வருகிறது. எதை வாங்கலாம்? பவர் ஆம்ப் கையேட்டில் இன்புட் சென்சிடிவிட்டி 1.2 வோல்ட், இன்புட் இம்பீடன்ஸ் (உள்ளே வரும் சிக்னலுக்குக் காட்டும் மின்தடை) 47 கிலோ ஓம் என்று போட்டிருக்கிறது.

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. பவர் ஆம்ப் முழுத் திறனை எட்ட 1.2 வோல்ட் போதும்; சிடி பிளேயர் வழக்கமாக 2 வோல்ட் தரும். பெருக்க வேண்டியதே இல்லை, குறைத்தால் போதும். 20 டெசிபெல் கெய்ன் (பெருக்கம்) உள்ள ப்ரீஆம்ப் மின்னழுத்தத்தை 10 மடங்காக்கும். வால்யூம் குமிழை ஒன்பது மணி நிலையைத் தாண்டித் திருப்ப முடியாது. அந்த அடிமட்டத்தில்தான் சாதாரண பொட்டென்ஷியோமீட்டரில் (குமிழுக்குள் இருக்கும் மாறும் மின்தடை) இடது, வலது ஒலி அளவுகள் ஒத்துப்போகாது. காசைக் கொட்டித் தொல்லையை வாங்குவானேன்?

பெருக்காமல் குறைக்க மட்டும் செய்யும் பேசிவ் ப்ரீஆம்ப் உங்களுக்குப் பொருந்தும். உள்ளே ஒரு செலக்டர் சுவிட்ச், 10 கிலோ ஓம் ஸ்டீரியோ லாக் (log) பொட்டென்ஷியோமீட்டர், ஆர்சிஏ சாக்கெட்டுகள், அவ்வளவுதான். கரண்ட் இணைப்பே இல்லை. இதன் அவுட்புட் இம்பீடன்ஸ் கூடினால் சுமார் 2.5 கிலோ ஓம். அதைப்போல் குறைந்தது 10 மடங்கு இன்புட் இம்பீடன்ஸ் அடுத்த கருவியில் வேண்டும். உங்களிடம் 47 இருக்கிறது. 10 கிலோ ஓம் பவர் ஆம்ப் என்றால் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். பவர் ஆம்புக்குப் போகும் ஒயர் 1 மீட்டருக்குள் இருக்கட்டும். நீண்டால் ஒயரின் கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்கும் தன்மை) உச்ச ஒலிகளைத் தின்றுவிடும்.

டர்ன்டேபிள் கதை வேறு. கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். நேரே செருகினால் பேஸ் இல்லாமல், கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கும். 40 டெசிபெல் கெய்னும் ரியா (RIAA) ஈக்வலைசேஷனும், அதாவது இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த பேஸைச் சரிசெய்வதும், தரும் தனி போனோ ஸ்டேஜ் கட்டாயம். டர்ன்டேபிளின் எர்த் ஒயரை அதன் திருகில் கட்டுங்கள், இல்லாவிட்டால் ‘ஹம்’ என்ற ரீங்காரம் வரும். சிடியைவிட ஒலி சற்றுத் தணிவாக இருக்கும், குமிழைக் கூட்டிக்கொள்ளலாம்.

பேசிவ் பெட்டிக்கு 5,000, போனோ ஸ்டேஜுக்கு 15,000 என 20,000 ரூபாய் ஒதுக்குங்கள்.

‘நோ காஸ்ட்’ என்ற பெயரை நம்ப வேண்டாம். வட்டி 15% என்று வைத்தால், 1,20,000-க்குள் சுமார் 9,200 ரூபாய் வட்டி ஒளிந்திருக்கும். கடை அதைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி, அதாவது ஏறக்குறைய 1,650 ரூபாய், உங்கள் தலையில்தான். பிராசஸிங் கட்டணம் தனி. மொத்தப் பணம் கொடுத்தால் என்ன விலை என்று கடையில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே குட்டு வெளிப்படும்.

ஜப்பான் சரக்கு 100 வோல்ட்டுக்குச் செய்தது. நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். சுங்க வரி பொருள் விலையோடு கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த தொகைக்கு விழும். பழைய பொருள் இறக்குமதிக்குக் கட்டுப்பாடும் இருப்பதால், பெட்டி சுங்கத்திலேயே நின்றுபோகலாம். வந்து சேர்ந்தாலும் முப்பது வருடக் கெப்பாசிட்டர்களை மாற்றும் செலவு காத்திருக்கும்.

ரிமோட் வேண்டும், பவர் ஆம்பை 5 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும் என்றால் கரண்டில் இயங்கும் ஆக்டிவ் ப்ரீஆம்புக்கு அர்த்தமுண்டு. அப்போதும் கடன் வேண்டாம். அந்த 10,000 ரூபாயை மாதாமாதம் ஆர்.டி.யில் (தொடர் வைப்பு) போடுங்கள், 12 மாதத்தில் வட்டி உங்கள் பக்கம் வரும்.