டாக்டர் பதில்கள்: பீடியைத் தொடாத அம்மாவுக்கு சிஓபிடி எப்படி வந்தது?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. இருபது வருடமாக முந்திரிக்கொட்டை வறுக்கும் வேலை, வீட்டிலும் போன வருடம் வரை விறகு அடுப்புதான். மூன்று வருடமாக இருமல், காலையில் சளி, இப்போது குடம் தூக்கி வந்தாலே மூச்சு வாங்குகிறது. உள்ளூரில் எக்ஸ்ரே எடுத்து ஒன்றும் இல்லை என்றார்கள். புதுச்சேரியில் காட்டினால் சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்கிறார்கள். அது பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு வருவதல்லவா?
- வாசகி, பண்ருட்டி

பதில்: நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் படித்துவிட்டு வந்தோம். ஆனால் புகை பீடியிலிருந்து வந்ததா, சவுக்கு விறகிலிருந்து வந்ததா, முந்திரி ஓட்டிலிருந்து வந்ததா என்று நுரையீரல் பிரித்துப் பார்ப்பதில்லை. கொட்டை வறுக்கும்போது கிளம்பும் அந்தக் கரும்புகை கண்ணையும் தொண்டையையும் என்ன பாடுபடுத்தும் என்று அம்மாவையே கேட்டுப் பாருங்கள், அதைத்தான் இருபது வருடம் உள்ளே இழுத்திருக்கிறார். மூச்சுக்குழாய்கள் வீங்கிச் சளி கட்டிக்கொள்கின்றன, கடைசியில் இருக்கும் காற்றுப்பைகள் நைந்துபோன எலாஸ்டிக் மாதிரி தளர்ந்துவிடுகின்றன. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வருவதில்லை. பழைய காற்று இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் புதுக் காற்று எங்கே போகும்? அதுதான் இளைப்பு.

இந்த நோய் தாமதமாகத் தெரிவதற்கு முக்கியமான காரணம், நாம் அதற்குத் தோதாக வாழ்க்கையைச் சுருக்கிக்கொள்வதுதான். முதலில் நடை மெதுவாகும், அப்புறம் கூட வருகிறவரிடம் பேசுகிற சாக்கில் பாதி வழியில் நிற்பார்கள், அப்புறம் சந்தைக்குப் போவதை மருமகளிடம் விட்டுவிடுவார்கள், கேட்டால் வயசாயிடுச்சு இல்ல என்பார்கள். 58 எல்லாம் ஒரு வயசா?

எக்ஸ்ரே விஷயம். ஆரம்பத்தில் சிஓபிடி எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். காசநோய், புற்றுநோய், இதய வீக்கம் மாதிரி வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதை எடுக்கிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனையும் அதற்காகத்தான், அரசு மருத்துவமனையில் இலவசம். சிஓபிடியை உறுதி செய்வது ஸ்பைரோமெட்ரி, அதாவது குழாயில் ஊதும் பரிசோதனை. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, சுமார் பதினைந்து நிமிடம் கழித்து ஊதச் சொல்வார்கள். மொத்தமாக ஊதி வெளியேற்றும் காற்றில் 70 சதவீதமாவது முதல் ஒரு நொடியிலேயே வந்துவிட வேண்டும், மருந்துக்குப் பிறகும் அதற்குக் கீழே நின்றால் அடைப்பு நிரந்தரமானது. ஆஸ்துமா பெரும்பாலும் சின்ன வயதிலேயே தொடங்கும், வரும் போகும், மருந்து கொடுத்தால் ஊதும் அளவு நன்றாக ஏறும். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும்.

ஊதாமலேயே 'வீசிங்' என்று எழுதி வருடக்கணக்கில் மாத்திரை கொடுப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, அரசு மார்பு நோய் மருத்துவமனையும் இருக்கிறது. அம்மாவை ஊதச் சொன்னார்களா என்று சீட்டைப் பாருங்கள், இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். இன்னொன்று, எந்த மருந்து கொடுத்தாலும் அந்த வறுப்புக் கொட்டகைக்குத் திரும்பப் போனால் பாதி வீண். கொட்டை உடைக்கிற, தோல் உரிக்கிற பக்கம் மாற்றிக்கொள்ள முடியுமா என்று முதலாளியிடம் பேசிப் பாருங்கள். போகியன்றும் தீபாவளியன்றும் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்.

கேள்வி: வயது 62, விசைப்படகில் இருந்தவன். முப்பத்தைந்து வருடப் பீடி. நுரையீரல் போனது போனதுதான் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இனிமேல் பீடியை விட்டு என்ன பிரயோஜனம்?
- வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: போனது திரும்பாது, அவர் சொன்னது சரி. ஆனால் மிச்சம் இருக்கிறதே அண்ணே, அது எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பது பீடியில்தான் இருக்கிறது. விட்டவர்களுக்கு அந்த வேகம் பிடிக்காதவர்களின் அளவை ஒட்டிக் குறைந்துவிடுகிறது. படகில் ஓட்டை விழுந்தால் உள்ளே வந்த தண்ணீர் வந்ததுதான் என்று ஓட்டையை அப்படியே விடுவீர்களா? நிகோடின் சூயிங்கம், மாத்திரை எல்லாம் இருக்கிறது. 1800 11 2356 என்ற கட்டணமில்லாத எண்ணில் கூப்பிட்டால் விடுவதற்கு வழி சொல்வார்கள்.

கேள்வி: இளைப்புக்கு வாயில் இழுக்கும் பம்ப் (இன்ஹேலர்) அடித்தால் பழகிவிடும், அப்புறம் அது இல்லாமல் இருக்க முடியாது என்கிறார்கள். மாத்திரையே போதாதா டாக்டர்?
- முத்தியால்பேட்டை

பதில்: கண்ணாடி போட்டால் பழகிவிடும் என்கிற கதைதான். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வரும், பம்ப் மருந்து நேராகப் போகும், அதனால் அளவும் குறைவு. நாள் முழுக்க குழாயை விரித்து வைக்கும் மருந்தைத் தினமும் எடுக்க வேண்டும், இளைப்பு வரும்போது எடுக்கும் சால்பியூட்டமால் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உண்மையான சிக்கல் எடுக்கும் முறையில். கருவியில் போட்டுப் பொடியை உறிஞ்ச வேண்டிய ரோட்டாகேப் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிக்கொண்டிருந்த ஒருவரை இரண்டு மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், தப்பு எழுதிக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்ட என்னுடையது. பொடி மருந்து என்றால், வெளியே முழுதாக மூச்சை விட்டுவிட்டு, உதட்டை இறுக்கி, வேகமாக ஆழமாக இழுங்கள். ஸ்பிரே என்றால் நேர்மாறு, மெதுவாக இழுக்க வேண்டும், முன்னால் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு மாட்டிக்கொண்டால் நல்லது. எதுவானாலும் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்குங்கள். ஸ்டீராய்டு கலந்தது என்றால் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படரும். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது பம்பையும் எடுத்துப்போய் அவர் முன்னாலேயே அடித்துக் காட்டுங்கள்.

அப்புறம் நடை. மூச்சு வாங்கும் என்று உட்கார்ந்தே இருந்தால் கால் தசை இளைத்து, அதனாலேயே இன்னும் மூச்சு வாங்கும். மாலையில் வண்டி விடாத கடற்கரைச் சாலை பக்கத்திலேயே இருக்கிறது. மூக்கால் இழுத்து, விளக்கை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக விட்டபடி நடங்கள். வருடத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி, நிமோனியா ஊசி பற்றியும் கேளுங்கள்.

கேள்வி: சிஓபிடி உள்ள அப்பாவுக்கு, விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் மிஷினில் 90 சதவீதம் காட்டுகிறது. ஆக்சிஜன் மிஷின் வாங்கி வைத்துவிடலாமா?
- தேவனாம்பட்டினம்

பதில்: அவசரப்படாதீர்கள். நோய் கட்டுக்குள் இருக்கும்போது, ஓய்வில், 88 அல்லது அதற்குக் கீழே தொடர்ந்து நின்றால்தான், ரத்தப் பரிசோதனையும் பார்த்து, வீட்டில் ஆக்சிஜன் எழுதுவோம். எழுதினால் ஒரு நாளைக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும், இளைக்கும்போது மட்டும் அரை மணி நேரம் என்பது பலன் தராது. 98 வரட்டும் என்று திருகி ஏற்றவும் கூடாது, சிஓபிடிக்காரருக்கு அதிக ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு ஏறி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம். 88 முதல் 92 வரை போதும். வழக்கத்தைவிட இளைப்பு கூடி, சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். உதடு நீலமானால், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாவிட்டால், பேச்சு குழறித் தூங்கி வழிந்தால் 108.

மிஷின் வாங்கும் நிலை வந்தால் கூடவே ஒரு சிலிண்டரும் ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மிஷின் கரண்டில் ஓடுவது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்த பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தது என்று உங்களுக்கே தெரியும்.