அழுகையைக் குறைத்துப் பாருங்கள்

நீங்கள் எழுதும் நாவலில், அப்பா இறந்ததும் மும்பை தாராவியிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் பதினான்கு வயதுப் பெண் மூன்று அத்தியாயமாக அழுதுகொண்டே இருக்கிறாள், கதை நகரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுங்கள். மராத்தியும் இந்தியும் மளமளவென்று எழுதியவளுக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும். இங்கேயோ 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ் கட்டாயப் பாடம். வகுப்பில் முதலிடம் வாங்கியவள், பத்து வயதுச் சித்தி மகனிடம் ழகரம் எழுதிப் பழக வேண்டும். அந்த வெட்கம்தான் அவளை வாயடைக்க வைக்கும். துக்கம் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கட்டும்.

அப்புறம் ஒரு காட்சி: ரேஷன் கார்டு விண்ணப்பத்தை அம்மாவுக்காக அவள் நிரப்புகிறாள். ‘கணவர் பெயர்’ கட்டத்தில் அப்பா பெயரை முதன்முறையாகத் தமிழில் எழுதுகிறாள், ஒரு புள்ளி விட்டுப்போகிறது. அங்கே மட்டும் தயவுசெய்து அழவிடாதீர்கள். ஆச்சி அவளை ‘பம்பாய்க்காரி’ என்று கூப்பிடுவதை இன்னும் இரண்டு இடத்திலாவது சேருங்கள், நன்றாக வந்திருக்கிறது.