கேள்வி பதில்: பாதியில் நின்ற கிடாரும் ஆசிரியர் பயிற்சியும்

கேள்வி: ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறேன். ஏதாவது ஒன்றை 10 வாரத்தில் நாமே கற்றுக்கொண்டு, அந்த அனுபவத்தை அறிக்கையாக எழுதித் தர வேண்டும். நான் கிடார் எடுத்தேன். ஐந்து பாட்டு வாசிப்பேன் என்று திட்டத்தில் எழுதியிருந்தேன், இரண்டுதான் வந்தது. எஃப் கார்டில் (பல கம்பிகளை ஒன்றாக அழுத்தி மீட்டும் ஒரு சுரக்கூட்டு) மட்டும் மூன்று வாரம் மாட்டிக்கொண்டேன். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன், பார்க்கும்போது எல்லாம் புரியும், கிடாரைக் கையில் எடுத்தால் வராது. இதையெல்லாம் அப்படியே எழுதலாமா, கொஞ்சம் மழுப்பி எழுதலாமா?

பதில்: மழுப்ப வேண்டாம், தயவுசெய்து. வந்த இரண்டு பாட்டுக்கு இரண்டு வரி போதும், அந்த மூன்று வாரத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதுங்கள். எஃப் கார்டுக்கு ஆள்காட்டி விரலை முதல் ஃப்ரெட்டில், அதாவது கிடார் கழுத்தின் தலைப்பக்க முனையில் இருக்கும் முதல் கட்டத்தில், குறுக்கே படுக்கவைத்து ஆறு கம்பிகளையும் அழுத்த வேண்டும், அந்த முனையில்தான் கம்பி அழுத்துவதற்கு ரொம்பக் கடினமாக இருக்கும், கிடார் தொட்டவர்களில் பெரும்பாலானோர் அங்கே திணறியவர்கள்தான். நீங்கள் அங்கே என்ன செய்தீர்கள்? பலம் போதவில்லை என்று நினைத்து இன்னும் இறுக்கினீர்களா, விரல் வலித்து இரண்டு நாள் கிடாரைத் தொடாமல் இருந்தீர்களா, நமக்கு இதெல்லாம் வராது என்று மனசுக்குள் முடிவு கட்டினீர்களா? அப்புறம் எது மாறியது? விரலைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்தீர்களா, இல்லை ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகிக்கொண்டு முதல் ஃப்ரெட்டுக்கு வந்தீர்களா? இதை எழுதுங்கள்.

இப்போதே எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒன்று கைவந்த பிறகு, அது வராமல் இருந்த நாள் எப்படி இருந்தது என்பது மறந்துபோகிறது. 1990-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு ஆய்வு செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்ட வேண்டும், எதிரில் இருப்பவர் அது எந்தப் பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதிக்குப் பாதி கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது 3. தட்டுகிறவர் தலைக்குள் மெட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக் சத்தம். வகுப்பில் "இது ரொம்ப ஈஸி" என்று சொல்லிவிட்டுக் கணக்கைப் போட்டுக்காட்டும் ஆசிரியரும் அந்தத் தட்டுகிறவர் மாதிரிதான்.

நான் நாற்பது வயதில் நீச்சல் கற்றேன். சொல்லிக் கொடுத்தவர் "உடம்பைத் தளர விடுங்க" என்றே ஒரு மாதம் சொன்னார். எனக்கு அதில் செய்வதற்கு எதுவுமே இல்லை, பயத்தில் இருக்கும் உடம்பு எப்படித் தளரும்? கடைசியில் வேறொருவர், "முகம் தண்ணிக்குள்ள இருக்கும்போதே மூச்சை விட்டுருங்க" என்றார். அவ்வளவுதான், அன்றைக்கே மாறியது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததால்தான் உடம்பு விறைத்திருந்தது. நீங்கள் எஃப் கார்டில் கண்டுபிடித்ததும் இப்படி ஒரு சின்ன விஷயமாகத்தான் இருக்கும், அதற்குத் துல்லியமாக ஒரு வாக்கியம் கண்டுபிடித்து எழுதினால் நாளைக்கு ஒரு பிள்ளையிடம் பேசவும் அந்தப் பழக்கம் உதவும்.

வீடியோ விஷயம் தனியாக ஒரு பத்தி எழுதத் தகுந்தது. உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், பாடத்தைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். பார்க்கும்போது புரிவதும், பார்க்காமல் செய்ய வருவதும் வேறு வேறு என்பதற்கு உங்களிடம் விரல் வலித்த சாட்சியே இருக்கிறது. "புரிஞ்சுதா?" என்று கேட்டு வகுப்பே தலையாட்டியதும் அடுத்த பாடத்துக்குப் போவீர்களா, இல்லை புத்தகத்தை மூடச் சொல்லி ஒரு கணக்கு கொடுப்பீர்களா? அறிக்கையில் இதற்குப் பதில் இருக்கட்டும்.

கேள்வி: நானும் இதே மாதிரி அறிக்கை எழுத வேண்டும். தினமும் குறிப்பு எழுதச் சொன்னார்கள், இரண்டாவது வாரத்தோடு விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பதில்: இல்லாத குறிப்பைப் பழைய தேதி போட்டு எழுதாதீர்கள். போனில் எடுத்த படம், பதிவுசெய்த ஆடியோ, நண்பருக்கு அனுப்பிய புலம்பல் மெசேஜ், வீடியோ பார்த்த வரலாறு, எல்லாவற்றிலும் தேதி இருக்கும், அதை வைத்துக் கோக்கலாம். எந்த வாரம் விட்டீர்கள், அப்போது என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: நானே ஒன்றைக் கற்றுக்கொண்டேன் என்றால் ஆசிரியர் எதற்கு என்று தோன்றுகிறது. ஆசிரியராகப் போகிற நான் இதை எழுதலாமா?

பதில்: தாராளமாக எழுதலாம், ஆனால் அதற்கு முன்னால் ஒரு கணக்கு பாருங்கள். கனடாவின் ஆலன் டஃப், பெரியவர்கள் தாங்களாகக் கற்பதைப் பற்றி 1971-ல் ஒரு நூல் வெளியிட்டவர். குறைந்தது 7 மணி நேர முயற்சி இருந்தால்தான் அதை ஒரு கற்றல் திட்டம் என்றே அவர் எடுத்துக்கொண்டார். தாங்களே திட்டம் போட்டுக் கற்றவர்களும் நடுவில் பலரிடம் உதவி கேட்டிருந்ததை அவர் கவனித்தார். நீங்கள் யார் யாரைக் கேட்டீர்கள்? வீடியோவில் சொல்லிக் கொடுத்தவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அவரும் ஆசிரியர்தான். முக்கியமாக, சிக்கல் வந்த நாளிலிருந்து வாய் திறந்து ஒருவரிடம் கேட்ட நாள் வரை எத்தனை நாள் ஆனது, எதற்காகத் தயங்கினீர்கள், கடைசியில் யாரிடம் கேட்கலாம் என்று தோன்றியது, ஏன் அவரிடம்? இதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டு, ஆசிரியர் எதற்கு என்ற உங்கள் கேள்வியை மறுபடி எடுத்துப் பாருங்கள்.