கைப்பிடி போனும் ஒட்டுக்கேட்ட காதுகளும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பிரையன்ட் பாண்ட் என்ற சிற்றூரில் எல்டன் ஹாத்தவே குடும்பம் வீட்டுக் கூடத்திலேயே டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்தியதாம். 1983 வரை அங்கே கைப்பிடி சுற்றும் போன்தானாம். எவ்வளவு எளிமையான ஏற்பாடு! பெரிய கம்பெனி அதை விழுங்கிவிட்டதே என்று மனம் கனத்தது. இத்தகைய குடும்பக் கம்பெனிகள் எப்படித் தோன்றின? அழகுக்காக அப்படியொரு பழைய போன் வாங்கி வைத்திருக்கிறேன்.

கௌதமி

அன்புள்ள கௌதமி,

தோன்றிய கதை சின்னது. பெல்லின் காப்புரிமைகள் 1893, 1894இல் காலாவதியாயின. பெல் கம்பெனி எட்டிப் பார்க்காத ஊர்களில் உள்ளூர்க்காரர்களே கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். அவ்வளவுதான்.

ஆனால் ‘எளிமை’ என்கிறீர்களே, சில நாளாக நான் மனதுக்குள் சண்டை போடுவது அதனோடுதான். போனைச் சுற்றுகிறவருக்கு எளிமை, பராமரிப்பவருக்கு? ஒவ்வொரு வீட்டுப் போனுக்கும் தனி பேட்டரி: ஒன்றரை வோல்ட் ட்ரை செல் இரண்டு. எதிராளி பேசுவது நன்றாகக் கேட்டு, நாம் பேசுவது அவருக்குக் கேட்காவிட்டால் முதலில் செல்லைச் சோதிக்க வேண்டும். கைப்பிடி சுற்றுவது மணியடிக்க மின்சாரம் தரும் சிறு டைனமோவை. அது வழக்கத்தைவிட இறுகினால் எங்கோ இரண்டு கம்பிகள் ஒட்டியிருக்கின்றன. லேசாகச் சுழன்றால் கம்பி அறுந்திருக்கிறது. இடி மின்னலுக்குப் பிறகு மின்னல் தடுப்பானின் கரித்துண்டுகளைக் கழற்றித் தூசி துடைக்க வேண்டும்.

இதையெல்லாம்கூட விடுங்கள். ஒட்டுக்கேட்பதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்வதில்லை. ஒரே கம்பியில் பல வீடுகள். ஒரு நீளம், இரண்டு குட்டை என்று மணியடித்தால் இன்னார் வீட்டுக்கு என்று எல்லாருக்கும் தெரியும். உடனே நாலு வீட்டில் ரிசீவரை எடுப்பார்கள். இதை வம்பு என்று சிரித்துவிட்டுப் போகிறோம். உண்மையில் அது மின்சாரக் கணக்கு. மணிச் சுருள் ஆயிரம் ஓம், ஆயிரத்து அறுநூறு ஓம் என்று தடை கூடியது. கம்பியோடு எப்போதும் கோத்திருந்தாலும் பேச்சைத் தொடாது. ரிசீவரின் தடையோ மிகக் குறைவு. எடுக்கும் ஒவ்வொரு காதும் பேச்சின் மின்னோட்டத்தில் பங்கு பிடுங்கும். ஒரு குழாயைப் பல வீடுகள் திறந்ததுபோல, கடைசி வீட்டுக்குச் சொட்டுத்தான் போகும். மணியும் அடிக்காது. ரிசீவரை எடுத்து, அது தொங்கும் கொக்கி மேலே போனதும் பேச்சுப் பகுதிக்கு பேட்டரி இணைந்துவிடும் என்பதால், வாய் திறக்காமல் கேட்டவரின் செல்லும் தீர்ந்துகொண்டே இருக்கும். மணியாவது அடிக்கட்டும் என்று ரிசீவரோடு வரிசையில் ஒரு கண்டென்சர் வைத்தார்கள்; மணியின் மின்சாரத்தைத் தடுத்துப் பேச்சை விடும் பாகம் அது. பேச்சின் பலவீனத்துக்கு அது மருந்தில்லை.

இன்னொன்று: பேசி முடித்து ரிசீவரை வைத்தபின் ஒருமுறை சுற்ற மறந்தால், பேச்சு முடிந்தது எக்ஸ்சேஞ்சின் இணைப்புப் பலகையான போர்டில் தெரியாது, இணைப்புக் கயிறு செருகியபடியே கிடக்கும். சுமார் 400 இணைப்புகளுக்கு இரவு பகலாக ஒரு ஆள் போர்டில் உட்கார வேண்டும். உங்கள் மனக்கனத்துக்கு அந்த இரவு முறை கிடைத்திருந்தால் தெரிந்திருக்கும்!

விழுங்கிய பெரிய கம்பெனியா? 1981இல் வாங்கியது அந்த ஊர் இருக்கும் அதே ஆக்ஸ்ஃபோர்ட் கவுன்டியின் (மாவட்டம் மாதிரி) டெலிபோன் கம்பெனிதான். ‘கைப்பிடியைப் பிடுங்காதே’ என்று ஊரில் சிலர் இயக்கமே நடத்தினார்கள், பாவம். அவர்கள் அன்பைக் குறை சொல்ல மாட்டேன். 1983 அக்டோபர் 11இல் டயல் வந்தது.

உங்கள் போனை அலங்காரமாக வைக்காதீர்கள், கௌதமி. இன்னொன்று தேடி வாங்கி, இரண்டின் லைன் முனைகளையும் இரட்டைக் கம்பியால் இணையுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வோல்ட் கொடுங்கள். குரல் கரகரத்தால் போனின் பேசும் வாயை லேசாகத் தட்டுங்கள், உள்ளே கரித்தூள் கட்டியிருக்கும். சுற்றும்போது மட்டும் முனைகளைத் தொடாதீர்கள். எழுபது, எண்பது வோல்ட் சர்வசாதாரணமாக வரும்.