பண்பாட்டு ஆய்வு என்றால் என்ன? சினிமா, டிவி, பேனர் இதையெல்லாம் எதற்கு ஆராய்கிறார்கள்?

மக்கள் அன்றாடம் பார்ப்பது, கேட்பது, உடுத்துவது வழியாக இன்றைய சமூகத்தைப் படிக்கும் துறை இது. இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் 1964-இல் ஆங்கிலப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹோகார்ட் இதற்கென்றே ஓர் ஆய்வு மையம் தொடங்கினார்.

யார் பெரியவர், எது கௌரவம், எது வெட்கம் என்பதைச் சட்டப் புத்தகம் நமக்குச் சொல்லித் தருவதில்லை. வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடும் சங்கதிகள்தான் சொல்லித் தருகின்றன. அதனால்தான் ஆராய்கிறார்கள்.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்யாண பிளக்ஸ் பேனரைப் பாருங்கள். நடுவில் மணமக்கள், மேலே கட்சித் தலைவர், ஓரத்தில் நடிகர், கீழே கூலிங் கிளாஸோடு நண்பர்கள் வரிசை. அந்த வரிசையில் பெண்கள் எத்தனை பேர்? பெயருக்குப் பக்கத்தில் இருப்பது படிப்பா, தொழிலா, குலக் கூட்டத்தின் பெயரா? காசு கொடுத்தது யார்? ஓர் ஆய்வேட்டுக்கே இது போதும், மிகைப்படுத்தவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் செய்பவர் துணியைப் புரட்டித் தையலைப் பார்ப்பது போன்ற வேலை.

பார்ப்பவர்களும் சும்மா இல்லை. டிவி சொல்வதை அப்படியே ஏற்பவர், பாதி ஏற்பவர், எதிர்த்துப் புரிந்துகொள்பவர் என்று 1973-இல் பிரித்துக் காட்டினார் அதே பர்மிங்காம் மையத்தின் ஸ்டூவர்ட் ஹால். சோமனூரில் விசைத்தறிக் கூலி உயர்வுச் செய்தி ஓடும்போது கூலி கொடுக்கும் ஜவுளி உற்பத்தியாளரும் கூலி வாங்கும் தறிக்காரரும் கேட்பது ஒரே செய்தியையா?

இதைச் சினிமா விமர்சனம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் படம் நன்றாக இருக்கிறதா என்பது இங்கே கேள்வியே இல்லை, அது யாரிடம் என்னவாகப் போய்ச் சேர்கிறது என்பதுதான் கேள்வி.